திரைக்கு முன்னால் – 12: கோஜிரா திரும்பி வந்தபோது

ராயகிரிக்கு மேற்கே மலையடிவாரத்துத் தோப்புகளில் யானை இறங்குவது புதுச் செய்தி இல்லை. ஆனால் தன் தோப்புக்குள் முதன்முதலாக யானை புகுந்த ராத்திரியை எந்தச் சம்சாரியும் ஆயுசுக்கும் மறப்பதில்லை.

அப்படி ஒரு ராத்திரி கழிந்த காலையில் நண்பர் ஒருவரின் தோப்புக்குப் போயிருந்தேன். காய்ப்பில் இருந்த தென்னைகள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. குருத்தை மட்டும் உருவித் தின்றுவிட்டு மட்டைகளை மிதித்துப் போட்டிருந்தது. வாய்க்கால் ஓரத்துச் சேற்றில் பதிந்த காலடி ஒவ்வொன்றும் தாம்பாளம் அளவு இருந்தது. அதற்குள் தண்ணீர் ஊறியிருந்தது. வீட்டார் யாரும் பேசவில்லை. காவலுக்குப் படுத்திருந்த பெரியவர் மட்டும், "ஒரு சத்தமும் இல்ல அண்ணாச்சி. மரம் முறியுத சத்தம் மட்டுந்தான் கேட்டுது. ஈரக்குலையே நடுங்கிட்டு" என்றார்.

ஒன்றரை மாதம் கழித்து அதே தோப்புக்கு யானை மறுபடியும் வந்தது. இந்தத் தடவை ஊரிலிருந்து இளவட்டங்கள் பைக்கில் வந்து இறங்கினார்கள். பம்ப்செட் ரூம் மொட்டைமாடியில் ஏறி நின்று செல்போனில் படம் பிடித்தார்கள். யானை பிளிறியபோது விசில் பறந்தது. மறுநாள் எண்ணிப் பார்த்தால் சாய்ந்த மரங்கள் முதல் தடவையைவிடக் கூடுதல். பெரியவர் என்னைப் பார்த்ததும் இதைத்தான் சொன்னார்: "யானை அதே யானைதான் அண்ணாச்சி. பாக்குத சனந்தான் மாறிட்டு."

இந்த வார அத்தியாயத்துக்கு அவர் வார்த்தையே முன்னுரை. சினிமா எடுத்தவர்களின் வரலாறு நிறைய எழுதப்பட்டுவிட்டது. பார்த்தவர்களின் வரலாற்றை எழுதுவதே இந்தத் தொடரின் வேலை. சென்ற வாரம் 1954-ல் ஜப்பானில் வெளியான 'கோஜிரா' படத்தின் பார்வையாளர்களைப் பார்த்தோம். நாம் காட்ஜில்லா என்று அறிந்திருக்கும் பூதத்தின் சொந்தப் பெயர் அது. கொரில்லாவையும் திமிங்கலத்தையும் குறிக்கும் ஜப்பானியச் சொற்களை ஒட்டுப்போட்டுச் செய்த பெயர். இந்த வாரம் அது இரண்டாம் முறை வந்த கதை.

முதல் தடவை அழுதவர்கள்

சென்ற வாரம் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக. 1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலின் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தது. ஹிரோஷிமாவில் விழுந்ததைப்போல ஆயிரம் மடங்கு வலு. அந்தப் பக்கம் சூரை மீன் பிடிக்கப் போயிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின்மேல் வெள்ளைச் சாம்பல் மழையாகக் கொட்டியது. படகில் இருந்த 23 பேரும் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டுக் கரை சேர்ந்தார்கள். அவர்கள் பிடித்துவந்த மீன் அதற்குள் சந்தைக்குப் போய்விட்டது. ஊரெங்கும் பீதி. மீனைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். செப்டம்பர் 23 அன்று அந்தப் படகின் ரேடியோ ஆபரேட்டர் இறந்தார். சரியாக 41 நாள் கழித்து, நவம்பர் 3 அன்று, டோஹோ நிறுவனத்தின் 'கோஜிரா' வெளியானது. முதல் காட்சியே கடலில் ஒரு படகு வெளிச்சத்தில் எரிந்து மூழ்குவதுதான்.

படத்தை இயக்கிய இஷிரோ ஹோண்டா போர் முடிந்து சீனாவிலிருந்து ஊர் திரும்புகிற வழியில் ஹிரோஷிமாவின் சாம்பலைக் கண்ணால் பார்த்தவர். பார்க்க வந்தவர்களோ 1945 மார்ச் 10 ராத்திரி டோக்கியோ எரிந்ததில் பிழைத்தவர்கள். அந்த ஒரே ராத்திரியில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் செத்திருந்தார்கள். அமெரிக்க ஆக்கிரமிப்பு 1952 ஏப்ரலில் முடியும்வரை குண்டுவீச்சைப் பற்றி வெளிப்படையாகப் பேசவும் படம் காட்டவும் தணிக்கை இருந்தது. அடக்கி வைத்திருந்த துக்கத்துக்கு இருட்டறையில் ஒரு வழி கிடைத்தது. கோஜிராவின் மேல்தோலில் தீக்காயத் தழும்பைக் கண்டார்கள். ஆஸ்பத்திரித் தரையில் கிடத்திய குழந்தையின் பக்கத்தில் கதிர்வீச்சு மானி சத்தமிடும் காட்சியில் தங்கள் வீட்டுப் பிள்ளையைக் கண்டார்கள். கதாநாயகனாக நடித்த அகிரா தகராதா, படத்தை முதலில் போட்டுப் பார்த்தபோது கோஜிராவுக்காகவே அழுததாகப் பிற்காலத்தில் பலமுறை சொன்னார். மனிதன் வெடித்த குண்டு அதை எழுப்பிவிட்டது, அதன்மேல் என்ன குற்றம் என்ற இரக்கம். ஜப்பானில் 96 லட்சம் டிக்கெட் விற்றது.

ஐந்தரை மாதத்தில் இன்னொன்று

96 லட்சம் டிக்கெட் என்றால் எந்த முதலாளி சும்மா இருப்பார்? சூடு ஆறுவதற்குள் அடுத்ததை இறக்க டோஹோ முடிவு செய்தது. ஹோண்டா வேறு பட வேலையில் இருந்தார். மோட்டோயோஷி ஓடா என்ற இயக்குநரிடம் பொறுப்பு போனது. தயாரிப்பாளர் டோமொயுகி டனாகாவும் தந்திரக் காட்சி மேதை எய்ஜி சுபுராயாவும் முன்போலவே தொடர்ந்தார்கள். முதல் படத்துக்கு இசையமைத்த அகிரா இஃபுகுபேக்குப் பதில் இளைஞர் மசாரு சாட்டோ வந்தார். 1955 ஏப்ரல் 24 அன்று 'கோஜிராவின் எதிர்த்தாக்குதல்' என்று பொருள்படும் பெயரோடு படம் வெளியானது. முதல் படத்துக்கும் இதற்கும் இடையில் ஆறு மாதம்கூட இல்லை.

கதை ஒசாகாவில் நடக்கிறது. மீன் பதனிடும் கம்பெனி ஒன்றில் இரண்டு விமானிகள். கடலுக்கு மேலே பறந்து மீன் கூட்டம் எங்கே போகிறது என்று பார்த்துப் படகுகளுக்குச் சொல்வது அவர்கள் வேலை. ஒருவர் விமானம் பழுதாகி ஒரு பாறைத் தீவில் இறங்குகிறார். மற்றவர் தேடிப் போகிறார். அங்கே இரண்டு பூதங்கள் கட்டிப் புரண்டு சண்டையிடுகின்றன. ஒன்று கோஜிரா, மற்றது முதுகெல்லாம் முள்ளோடு நான்கு காலில் நடக்கும் அங்கிரஸ். திரையில் இரண்டு ராட்சத விலங்குகளை மோதவிடும் ஜப்பானிய மரபு இந்தப் படத்தில்தான் பிறந்தது. பிறகு வந்த கோஜிரா படங்களில் பெரும்பாலானவை இந்த மோதலின் பிள்ளைகள்.

முதல் படத்தில் மீனவர்கள் பலியானார்கள். இரண்டாவதில் மீன் கம்பெனிக்காரர்கள் கதாநாயகர்கள். கதிர்வீச்சு மீன் பீதி நடந்து ஓராண்டுதான் ஆகிறது. அந்தச் சனங்களுக்கு முன்னால் மீன் தொழிலைத் தூக்கி நிறுத்திக் காட்டியிருப்பதை நான் தற்செயலாக எடுத்துக்கொள்ளவில்லை. பிழைப்பு மறுபடியும் நடக்க வேண்டும் என்ற ஆசை அந்தக் கதைக்குள் இருக்கிறது.

படத்துக்குள் ஒரு கூட்டம்

இந்த இரண்டாம் பாகத்தில் என் மனத்தைப் பிடித்து நிறுத்திய காட்சி சண்டைக் காட்சி இல்லை. ஒசாகாவில் அதிகாரிகளும் ராணுவத்தினரும் கூடியிருக்கிறார்கள். டோக்கியோவிலிருந்து முதல் படத்தின் விஞ்ஞானி யமானே வந்திருக்கிறார். அதே தகாஷி ஷிமுரா. குரோசாவாவின் 'ஏழு சாமுராய்' படத்தில் தலைவராக வந்தவர். விளக்கை அணைக்கச் சொல்கிறார். புரொஜெக்டர் ஓடுகிறது. திரையில் டோக்கியோ எரிகிறது.

அது முந்தைய படத்தின் காட்சிகள்தான். ஆனால் சத்தம் இல்லை. இசை இல்லை, உறுமல் இல்லை, அலறல் இல்லை. கட்டடங்கள் ஊமையாகச் சரிகின்றன, தீ ஊமையாகப் பரவுகிறது. பார்த்துக்கொண்டிருக்கும் அதிகாரிகளின் முகங்களில் அந்த வெளிச்சம் ஆடுகிறது. படம் முடிந்து விளக்கு எரிந்ததும் யமானே சொல்லும் சேதி ஒன்றுதான்: இதைக் கொல்ல இப்போது நம்மிடம் வழி இல்லை. முதல் படத்தில் வந்த கோஜிராவைக் கொன்ற ஆயுதத்தின் ரகசியம், அதைக் கண்டுபிடித்த விஞ்ஞானி செரிசாவாவோடு கடலுக்குள் போய்விட்டது.

1955-ல் தியேட்டரில் உட்கார்ந்திருந்த ஜப்பானியர் என்ன பார்த்தார் என்று யோசித்துப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு முன் தான் பார்த்த அதே காட்சிகளை இன்னொரு கூட்டம் இருட்டில் உட்கார்ந்து பார்ப்பதை அவர் பார்க்கிறார். அவர்கள் முகத்தில் போன வருஷத்துத் தன் முகம் தெரிகிறது. இரண்டாம் பாகம் எடுக்கிற எவருக்கும் இது பாடம். முதல் தடவையின் அதிர்ச்சியை நகலெடுக்க முடியாது. அதை நினைவாக மாற்றி, சத்தமில்லாமல் எதிரே வைக்கலாம். அவசரமாக எடுத்த அந்தப் படத்தில் இந்த ஓரிரு நிமிடம் மட்டும் முதல் படத்தின் தோளுக்குத் தோள் நிற்கிறது.

ஒசாகாக் கோட்டை

பிறகு ஊர் இருளடைகிறது. வெளிச்சம் கோஜிராவுக்கு ஹைட்ரஜன் குண்டை நினைவுபடுத்துகிறது, அதனால் வெளிச்சத்தைக் கண்டால் வெறிகொள்ளும் என்கிறார் யமானே. ஊர் முழுக்க விளக்கை அணைக்கிறார்கள். விமானங்கள் கடலுக்கு மேலே ஒளிக்குண்டுகளைப் போட்டு அதைத் திசைதிருப்புகின்றன. எங்கள் அடிவாரத்தில் தீப்பந்தம் காட்டி, வேட்டுப் போட்டு யானையை மலைக்கு விரட்டுவோம். அங்கே வெளிச்சத்தைக் காட்டிக் கடலுக்கு இழுக்கிறார்கள். பலன் கிடைக்கிற நேரத்தில், போலீஸ் வண்டியிலிருந்து தப்பிய கைதிகள் ஓட்டிய லாரி எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் மோதுகிறது. கரை தீப்பிடிக்கிறது. கோஜிரா தீயைப் பார்த்து ஊருக்குள் திரும்புகிறது. பின்னாலேயே அங்கிரஸ் வருகிறது.

விளக்கணைத்த ஒசாகா, வானத்தில் ஒளிக்குண்டு, பிறகு தீ. ஒசாகாக்காரர்களுக்கு இது கற்பனை இல்லை. 1945 மார்ச் 13 ராத்திரி தொடங்கிய குண்டுவீச்சில் ஏறத்தாழ 4,000 பேரை இழந்த ஊர். படத்தில் கதாநாயகி தூரத்து வீட்டிலிருந்து ஊர் இருக்கும் திசையில் வானம் சிவப்பதைப் பார்த்து நிற்கிறாள். அதே வானத்தை அதே நிறத்தில் பார்த்த பெண்கள் அந்தத் தியேட்டர்களில் இருந்திருப்பார்கள்.

உச்சக் காட்சி ஒசாகாக் கோட்டையில். அந்தக் கோட்டையின் கதையை அறியாமல் காட்சியின் கனம் புரியாது. 16-ஆம் நூற்றாண்டில் டொயொடோமி ஹிதெயோஷி எழுப்பியது. இடிந்தும் எரிந்தும் போன பிறகு, 1931-ல் ஊர்மக்கள் நன்கொடை சேர்த்துக் கான்கிரீட்டில் கோபுரத்தைத் திரும்பக் கட்டினார்கள். போர் முடிவதற்கு முந்தைய நாள், 1945 ஆகஸ்ட் 14 அன்று, பக்கத்திலிருந்த ஆயுதத் தொழிற்சாலையின்மேல் குண்டு மழை பொழிந்தது. சுற்றிலும் தரைமட்டமானது, கோபுரம் மட்டும் நின்றது. அமெரிக்கக் குண்டு இடிக்காமல் விட்ட, ஊர்மக்கள் காசில் நின்ற கோபுரத்தைத்தான் கோஜிராவும் அங்கிரஸும் மோதிச் சரிக்கின்றன. நம் ஊர்க் கோயில் கோபுரம் திரையில் சரிந்தால் நமக்கு எப்படி இருக்கும்? வயிற்றில் ஒன்று புரளும். கூடவே, நம் ஊர் படத்தில் வந்துவிட்டது என்ற பெருமையும் எட்டிப் பார்க்கும். இரண்டும் ஒன்றாக வருகிற இடத்தில்தான் துக்கம் மெல்ல வேடிக்கையாகத் திரும்புகிறது.

கேமரா பிசகியது

அந்தத் திருப்பத்துக்கு ஒரு தொழில் விபத்தும் உதவியது. பெரிய உருவம் அசைந்தால் மெதுவாக அசைவதாகவே நம் கண்ணுக்குத் தோன்றும். யானை ஓடும்போதும் ஆடி ஆடிப் போவதாகத்தானே தெரிகிறது. ரப்பர் உடைக்குள் ஒரு மனிதர் நடக்கிறார், அவரை ஐம்பது மீட்டர் பூதமாகக் காட்ட வேண்டும். அதற்கு கேமராவை வேகமாக ஓட்டிப் படம் பிடித்து, சாதாரண வேகத்தில் திரையிட வேண்டும். அப்போது ஒவ்வொரு அடியும் கனமாக, நிதானமாக விழும். முதல் படத்தின் பயங்கரத்தில் பாதி இந்த நிதானத்தில் இருந்தது.

இரண்டாம் படத்தின் சண்டையில் ஒரு கேமரா தவறுதலாகக் குறைந்த வேகத்தில் ஓடிவிட்டது. போட்டுப் பார்த்தால் பூதங்கள் விறுவிறுவென்று பாய்ந்து கடித்துக்கொண்டன. சுபுராயா அதைத் தூக்கி எறியவில்லை. மிருகச் சண்டையின் வெறி இதில் இருக்கிறது என்று சேர்த்துக்கொண்டார். கோஜிரா உடைக்குள் ஹருவோ நகஜிமா, அங்கிரஸ் உடைக்குள் கட்சுமி டெசுகா. முதல் உடை நூறு கிலோ கனம். இரண்டாவது அதைவிட இலகுவானது, அதனால் நகஜிமாவால் பாயவும் புரளவும் முடிந்தது. உடை இலகுவாயிற்று, அசைவு வேகமாயிற்று. பார்த்தவர்கள் மனத்தில் இருந்த கனமும் குறைந்தது.

அந்த நாட்களில் ஜப்பானியர் கூட்டம் கூடிப் பார்த்த இன்னொரு காட்சியையும் சேர்த்து யோசிக்க வேண்டும். 1953-ல்தான் அங்கே தொலைக்காட்சி வந்தது. வீட்டில் வாங்கி வைக்க வசதி இல்லாததால் தெருமுனைகளிலும் ரயில் நிலைய முற்றங்களிலும் பெட்டியை வைத்தார்கள். 1954 பிப்ரவரியில் ரிக்கிடோசான் என்ற மல்லர், அமெரிக்கர் என்றே சனம் எண்ணிய கனடாச் சகோதரர் இருவரோடு மோதிய மல்யுத்தத்தைப் பார்க்க அந்தப் பெட்டிகளுக்கு முன் ஆயிரக்கணக்கில் சனம் திரண்டது. போரில் தோற்ற தேசம், கோதாவில் தன் ஆள் ஈடுகொடுப்பதைப் பார்த்துக் கைதட்டியது. அந்தக் கண்கள்தான் அடுத்த ஆண்டு கோஜிராவும் அங்கிரஸும் மோதுவதைப் பார்க்க வந்தன.

83 லட்சம் பேர்

படம் தோற்கவில்லை. 83 லட்சத்து 40 ஆயிரம் டிக்கெட் விற்றது. முதல் படத்தைவிடச் சுமார் 13 லட்சம் குறைவு, அவ்வளவுதான். ஆனால் தயாரித்தவர்களுக்கே திருப்தி இல்லை. படத்தின் முடிவில் வடக்கே ஒரு தீவின் பனிமலைச் சரிவில் கோஜிராவைப் புதைக்கிறார்கள். விமானி கோபயாஷி தன் விமானத்தோடு மலையில் மோதிச் சாகிறார். அந்த மோதலில் சரிந்த பனிதான் வழி காட்டுகிறது. கோஜிரா அந்தப் பனிக்குள் ஏழு வருஷம் கிடந்தது. டோஹோ அதற்குள் வேறு பூதங்களைப் படமெடுத்தது.

அப்படியானால் 1955-ன் சனங்கள் குண்டுக்குப் பயப்படுவதை விட்டுவிட்டார்களா? இங்கேதான் சினிமாவை மட்டும் பார்த்து வரலாறு எழுதுபவர்கள் தவறுகிறார்கள். அதே மாதங்களில் தியேட்டருக்கு வெளியே நடந்ததைப் பாருங்கள். மீன் பீதிக்குப் பிறகு, டோக்கியோவின் சுகினாமி வட்டாரத்தில் குடும்பப் பெண்கள் அணுகுண்டுக்கும் ஹைட்ரஜன் குண்டுக்கும் எதிராக வீடு வீடாகக் கையெழுத்து வாங்கத் தொடங்கினார்கள். 1955 ஆகஸ்டுக்குள் தேசம் முழுக்க 3 கோடிக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது. அப்போது ஜப்பானின் மக்கள்தொகை 9 கோடியை எட்டவில்லை. மூன்றில் ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் முதல் உலக மாநாடு கூடியது. பயம் சாகவில்லை என்பதே என் முடிவு. அது திரையிலிருந்து இறங்கிக் கையெழுத்துத் தாளில் ஏறிக்கொண்டது. செய்வதற்கு ஒரு வேலை கிடைத்தவர்கள் இருட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்க மாட்டார்கள்.

கோட்டை இடிந்த பிறகு படத்தின் மீன் கம்பெனிக்காரர்கள் உட்கார்ந்து புலம்புவதில்லை. வடக்கே ஹொக்கைடோவில் தொழிலைத் தொடரலாம் என்று கிளம்பிவிடுகிறார்கள். அங்கே விருந்து, பாட்டு, கல்யாணப் பேச்சு. அடுத்த ஆண்டு, 1956-ல், ஜப்பான் அரசின் பொருளாதார அறிக்கை போருக்குப் பிந்தைய காலம் முடிந்துவிட்டது என்று அறிவித்தது. அந்த அறிக்கையின் மனநிலை ஓராண்டு முன்பே இந்தப் படத்தில் இருக்கிறது.

பெயர் மாறிப் போன ஊரில்

அமெரிக்கப் பார்வையாளர்களுக்கு நடந்தது வேறு. முதல் படத்தை 1956-ல் வெட்டி ஒட்டி, ரேமண்ட் பர் என்ற நடிகரைச் செருகி, குண்டைப் பற்றிய பேச்சை மழுப்பி வெளியிட்டார்கள். இரண்டாவதற்கு இன்னும் மோசம். சண்டைக் காட்சிகளை மட்டும் வைத்துக்கொண்டு வேறு கதை எடுக்கும் முயற்சி பாதியில் நின்றது. கடைசியில் 1959-ல் 'கிகாண்டிஸ், நெருப்புப் பூதம்' என்ற பெயரில் வந்தது. கோஜிராவின் பெயரே இல்லை. அதன் உறுமலைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு அங்கிரஸின் கத்தலைப் போட்டார்கள். மசாரு சாட்டோவின் இசையிலும் பெரும்பகுதி போயிற்று. நான் நெஞ்சில் வைத்திருக்கும் அந்த ஊமைக் காட்சிக்கும் விடாமல் சத்தம் ஏற்றினார்கள். மூன்று ஆண்டுக்கு முன் பார்த்த பூதம்தான் இது என்று டிக்கெட் வாங்கியவருக்குச் சொல்ல யாரும் இல்லை. பழைய நினைவு இல்லாதவர்களுக்கு இரண்டாம் பாகம் என்று ஒன்று கிடையாது. எல்லாமே முதல் பாகம்தான்.

சிரிப்பும் குழந்தைகளும்

1962-ல் ஹோண்டா திரும்பி வந்தார். டோஹோவின் முப்பதாம் ஆண்டுக்காக 'கிங்காங் எதிர் கோஜிரா'. முதன்முதலாக வண்ணத்தில், அகலத்திரையில். கிங்காங் என்றால் நம் பெரியவர்களில் பலருக்குத் தாராசிங்கோடு மோதிய மல்யுத்த வீரர்தான் நினைவுக்கு வருவார். ஜப்பானியர்களும் இந்தப் படத்தை ஒரு பெரிய மல்யுத்தமாகவே பார்த்தார்கள். டிவி விளம்பரத்துக்காகப் பூதத்தைப் பிடித்துவரும் மருந்துக் கம்பெனி முதலாளியைக் கண்டு சிரித்தார்கள். பூதங்களை மனிதர்போல ஆடவைப்பதில் ஹோண்டாவுக்கு உடன்பாடில்லை, குழந்தைகள் ரசிக்க வேண்டும் என்பது சுபுராயாவின் விருப்பம். சனங்கள் சுபுராயா பக்கம் நின்றார்கள். மறுவெளியீடுகளையும் சேர்த்து 1 கோடியே 25 லட்சம் டிக்கெட். கோஜிரா படங்களில் ஜப்பானில் அதிகம் பேர் பார்த்தது இன்றுவரை இதுதான்.

1964-ல் மூன்று தலைப் பூதத்தை விரட்டக் கோஜிரா மனிதர்களுக்குத் துணை நின்றது. ஊரை அழித்தது ஊரைக் காக்கும் தெய்வமாயிற்று. வெட்டுண்டு செத்தவனையும் எல்லையில் நிறுத்திப் பொங்கலிட்டு வணங்கும் நம் தென்பாண்டிச் சீமைக்கு இது விளங்காத மாற்றம் இல்லை. ஆனால் வீட்டுக்கு வீடு டிவி வந்தது, தியேட்டர் கூட்டம் கரைந்தது. 1975-ல் வந்த பதினைந்தாம் படத்துக்கு வந்தவர்கள் 9 லட்சத்து 70 ஆயிரம் பேர் மட்டுமே. முதல் படத்துக்கு வந்தவர்களில் பத்தில் ஒரு பங்கு.

பயம் திரும்பிவர இன்னொரு நிஜப் பேரழிவு வேண்டியிருந்தது. 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கம், சுனாமி, அதைத் தொடர்ந்து ஃபுகுஷிமா அணு உலை விபத்து. 2016-ல் ஹிதெயாகி அன்னோவும் ஷின்ஜி ஹிகுசியும் எடுத்த 'ஷின் கோஜிரா'வில், ஆற்றில் படகுகளை உந்தித் தள்ளிக்கொண்டு பூதம் ஊருக்குள் ஏறும் காட்சியைப் பார்த்தவர்களுக்குச் சுனாமிச் செய்திப் படங்கள் கண்முன் வந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்தப் படத்துக்கு டோக்கியோவில் ஒரு தனிக் காட்சி போட்டார்கள். சத்தம் போட்டுப் பார்க்க அனுமதி உண்டு என்று அறிவித்த காட்சி. ஜப்பானியத் தியேட்டரில் பேசாமல் இருப்பதே வழக்கம், கத்த வேண்டுமானால் அதற்கென்று ஒரு காட்சி வேண்டும். விசிலும் கைதட்டலும் இல்லாத முதல் காட்சியையே அறியாத நமக்கு இது வியப்பு. கத்துவதும் மௌனமும் ஒரு சனம் தன் உணர்ச்சியைப் பகிரும் இரு முறைகள். எது உயர்ந்தது என்று நான் தரம் பிரிக்க மாட்டேன்.

நம் கரையில்

கோஜிராவின் அலை இந்தியக் கரையையும் தொட்டது. 1966-ல் பல்வந்த் தவே இயக்கத்தில் 'கோகோலா' என்ற இந்திப் படம் வந்தது. கடலிலிருந்து எழும் பூதம் பம்பாயைத் தாக்கும் கதை. பாட்டு இசைத்தட்டு பிழைத்திருக்கிறது, படச்சுருள் இன்று கிடைப்பதில்லை.

தமிழில் ராட்சத உருவம் ஊரை மிரட்டும் இரண்டாம் பாகம் என்றால் 2018 நவம்பர் 29 அன்று வெளியான '2.0'. 2010-ன் 'எந்திரன்' படத்தின் தொடர்ச்சி. செல்போன்கள் ஒன்றுசேர்ந்து ராட்சதப் பறவையாகி வருகின்றன. பறவைகளுக்காகப் போராடித் தோற்றுச் செத்த பட்சிராஜனின் ஆவி அதற்குள் இருக்கிறது. நான் படம் பார்த்து வெளியே வந்தபோது காதில் விழுந்த பேச்சு இது: "அந்தாளு சொல்லுதது நியாயந்தானல?" 1954-ல் தகராதா கோஜிராவுக்காக அழுததும் இந்தப் பேச்சும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை. அழிக்க வந்ததன் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது என்று நம் சனங்களும் கண்டுகொண்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபுகுஷிமா நடந்த அதே 2011-ல் கூடங்குளம் அணு உலையை எதிர்த்து இடிந்தகரை மீனவர்கள் பந்தலில் உட்கார்ந்தார்கள். ராயகிரியும் அப்போது அவர்களோடு ஒரே திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22-ல். சூரை மீனைக் கொண்டுவந்து கரையேறிய 23 ஜப்பானியர்களின் பயத்தை எவருடைய மொழிபெயர்ப்பும் இல்லாமல் புரிந்துகொண்டவர்கள் அந்தப் பந்தலில் இருந்தவர்கள்.

ஆக, தோப்புக் காவல் பெரியவர் சொன்னது சரி. யானை அதே யானைதான். பாக்குத சனம் என்ன பட்டிருக்கிறது, எதை மறந்திருக்கிறது, எதற்காகக் காத்திருக்கிறது என்பதைப் பொறுத்தே திரையில் இருப்பது பூதமாகவோ மல்லராகவோ காவல் தெய்வமாகவோ ஆகிறது. 1955-ன் இரண்டாம் பாகம் சுமாரான படம். ஒரு தேசம் அழுகையிலிருந்து எழுந்து வேலைக்குக் கிளம்பிய வாரங்களின் சாட்சியாக அது எனக்கு உயர்ந்த படம்.

ஜப்பானியர்கள் டிக்கெட் கணக்கை எழுதி வைத்தார்கள், நடிகர்கள் நினைவுகளைச் சொல்லி வைத்தார்கள். அதனால்தான் எழுபது ஆண்டு கழித்து ராயகிரியில் உட்கார்ந்து நான் இதை எழுத முடிகிறது. நம் டூரிங் கொட்டகைகளில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தவர்கள் எந்தக் காட்சியில் அலறினார்கள், எதற்கு அழுதார்கள் என்பதை எழுதி வைத்தவர் மிகச் சிலர். உங்கள் வீட்டுத் திண்ணையில் எண்பது வயதுத் தாத்தாவோ ஆச்சியோ இருந்தால், இன்று சாயங்காலமே பக்கத்தில் உட்காருங்கள். கொட்டகையில் முதன்முதலாகப் பயந்தது எந்தப் படத்துக்கு என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதி, தேதியும் ஊரும் குறித்து வையுங்கள்.